மெட்டல் ஹெட்டுக்கு இப்போது என்ன அவசரம்?

ரேடியோவில் ஓட்டுகிற 450 சைஸ் மாடல் ஹெலிகாப்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிய கையோடு தம்பிகள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, மெட்டல் ஹெட் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். ஹெட் என்பது உச்சியில் பிளேடுகளைப் பிடித்துச் சுழலும் தலைப்பகுதி, அதை பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியத்தில் போட்டால் மெட்டல் ஹெட். வேண்டாம்ப்பா என்றால் நான் கஞ்சத்தனம் பேசுகிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

பழகுகிற காலத்தில் ஹெலி தரையில் மோதும். மோதுகிற அடி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பிளேடைக் கவ்வும் கிரிப் பிளாஸ்டிக் என்றால் அது உடையும், செலவு பெரும்பாலும் அதோடு நிற்கும். அலுமினியம் உடையாமல் அந்த அடியை இரண்டு கிரிப்பையும் இணைக்கும் ஸ்பிண்டிலுக்கும், ஹெட்டைச் சுழற்றும் மெயின் ஷாஃப்டுக்கும் தள்ளிவிடும். பெரிய கியரின் பல்லும் சேர்ந்து போகும். அதைவிடக் கொடுமை, லேசாக வளைந்த மெட்டல் பாகம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பறக்கவிட்டால் உடம்பெல்லாம் நடுங்கும், வால் ஆடும். உடனே வாலை நிலையாகப் பிடிக்கும் கைரோ போச்சு என்று முடிவு கட்டி அதற்கும் ஒரு ஆர்டர் போடுவார்கள். பிளேடும் இப்படித்தான். கார்பன் பிளேடு அழகுதான், ஆனால் பழகும்வரை மர பிளேடு போதும். மோதினால் முறிந்துவிடும், விலையும் குறைவு.

மலிவான நகல் கிட்களில் பிளாஸ்டிக் பாகங்கள் லொடலொடவென்று இருப்பது உண்மை. அதற்குக் கொஞ்சம் நல்ல ரகப் பிளாஸ்டிக் வாங்கினாலே சரியாகிவிடும்.

காசை எங்கே போடுவது? முதலில் சிமுலேட்டர். ஹெலியின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலது மாறிவிடும், கை தானாகத் தப்புப் பக்கம் போகும். அந்தத் தப்பையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் செய்துகொண்டால் ஒரு ஸ்குருகூடச் செலவில்லை. அடுத்தது பேட்டரி செல்களைச் சமமாக ஏற்றும் நல்ல பேலன்ஸ் சார்ஜர், பிளேடின் சாய்வை (பிட்ச்) அளக்கும் ஒரு பிட்ச் கேஜ். அடியில் கட்டுகிற டிரெய்னிங் காலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நீளமான மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் டேபிள் டென்னிஸ் பந்து செருகினால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் பிறகும் பணம் மிச்சமிருந்தால் வாலுக்கு வேகமான டிஜிட்டல் செர்வோவும் (ரேடியோ சொன்னபடி பாகத்தை அசைக்கும் குட்டி மோட்டார்) நல்ல கைரோவும் போடுங்கள். என்னைக் கேட்டால், தொடங்குகிறவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் தருகிற அப்கிரேடு இந்த இரண்டும்தான்.

அப்புறம் செட்டப். நம் ஆட்கள் இதில்தான் பொறுமை இழக்கிறார்கள். பேட்டரி மாட்டுவதற்கு முன்னாலேயே மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். 325 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 2,200 சுற்றுச் சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 290 கி.மீ. சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பார்க்கிற சமாசாரமில்லை.

ஸ்டிக் நடுவில் இருக்கும்போது செர்வோ கைகள் லிங்க் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், செர்வோவின் அசைவைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் தட்டான ஸ்வாஷ் பிளேட் மெயின் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ரேடியோவில் செர்வோவின் நடுநிலையை நகர்த்தும் சப் டிரிம்மைத் தள்ளித் தள்ளி ஒப்பேற்றாதீர்கள். செர்வோ கையை ஒரு பல் நகர்த்தி மாட்டிப் பாருங்கள், லிங்க் நீளத்தை மாற்றுங்கள். நடு ஸ்டிக்கில் பிட்ச் பூஜ்ஜியம், மேலே 10 டிகிரி, கீழே மைனஸ் 10 என்று அளந்து முடித்தபின் சாதாரணமாகப் பறக்கிற நார்மல் மோடின் கீழ்ப்பக்கத்தை மைனஸ் 2 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பயத்தில் ஸ்டிக்கை முழுக்கக் கீழே இழுக்காத ஆளே இல்லை. மைனஸ் 10 இருந்தால் ஹெலி தரையில் அறைந்த மாதிரி விழும். நடு ஸ்டிக்கை மென்மையாக்கும் எக்ஸ்போவை 30 சதவீதம் வைத்தால் கை நடுக்கமும் கொஞ்சம் மறையும்.

கைரோவின் திசையைப் பார்க்காமல் ஒருபோதும் கிளப்பாதீர்கள். மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பினால், ரேடியோவில் வலது ரட்டர் (மூக்கை வலப்பக்கம் திருப்பும் ஸ்டிக்) கொடுத்தபோது வால் பிளேடு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதே பக்கம் சாய வேண்டும். தலைகீழாக இருந்தால் தரையை விட்டு எழும்பியதும் பம்பரம்தான்.

பிளேடு போல்ட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். ஹெலியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்தால் பிளேடு தன் எடைக்குத் தொங்கக் கூடாது, லேசாகக் குலுக்கினால் அசைய வேண்டும். ஒரு பிளேடு நுனியில் கலர் டேப் ஒட்டி, நன்றாகத் தள்ளி நின்று, பிளேடுகள் சுழலும் வட்டத்தைக் கண் மட்டத்தில் பார்த்தால் டிராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்பது தெரியும். இரண்டு கோடாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, உயரே போகிற பிளேடின் லிங்கை ஒரு சுற்று மாற்றுங்கள். மெட்டலில் இறங்குகிற ஸ்குருவுக்கெல்லாம், கழலாமல் பிடிக்க, நீல லாக்டைட் பசை ஒரு பொட்டு. பிளாஸ்டிக் பக்கம் அது போகக் கூடாது, வெடித்துவிடும். மோதிய பிறகு ஸ்பிண்டிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் தூக்கிப் போடுங்கள். லேத் பட்டறையில் கொடுத்து நிமிர்த்துவதெல்லாம் வேண்டாத வேலை.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக: செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏற்றாதீர்கள், 2200 எம்ஏஎச் பேக்கில் 1,760 எம்ஏஎச் எடுத்ததும் இறக்கிவிடுங்கள், ஒரு வாரம் தொடப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள்ளேயோ வண்டிப் பெட்டிக்குள்ளேயோ விட்டுவிட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போகாதீர்கள். உப்பிய பேக்கை அமுக்கிப் பார்க்கிற வேலையும் வேண்டாம்.

இடம்தான் நமக்குச் சிக்கல். 450 ஹெலி 250 கிராமுக்கு மேல், ஆகவே 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்குக் கிடைக்கிற சலுகைகளை நம்பி இறங்க முடியாது. மதுரையில் அவனியாபுரம், பெருங்குடி பக்கமெல்லாம் விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே நினைக்கவே வேண்டாம். ஊருக்குள்ளும் எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தில் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எந்த இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். மேலூர் பக்கம் வறண்ட கண்மாய் கிடைத்தால் அருமை. சீமைக்கருவேல முள் இல்லாத தரையாகப் பாருங்கள். அறுத்த வயல் சமமாகத் தெரியும், ஆனால் நிற்கிற அடித்தாள் வால் பிளேடைப் பிடித்துவிடும். ஆடிக் காற்றில் சாயங்காலம் முயற்சி செய்யாதீர்கள், விடிந்ததும் போய்விடுங்கள். சத்தம் கேட்டதும் ஊர்ப் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். திட்டி விரட்டினால் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள், அது இன்னும் ஆபத்து. பேட்டரி மாட்டுவதற்கு முன்பே உங்களுக்குப் பின்னால் கரைமேல் வரிசையாக உட்கார வைத்துவிடுங்கள்.