தலைக்கு 50 ரூபாய்: ரிட்டர்ன் கிஃப்டுக்கு ஒரே ஒரு பொருள் போதும்

பிறந்தநாள் முடிந்து கிளம்பும் குழந்தைகள் கையில் ஒரு பளபள கவர். உள்ளே விசில், ஸ்டிக்கர், ரப்பர், குட்டிப் பம்பரம், இரண்டு மிட்டாய். சேலத்தில் இன்று பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். இதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 50 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் பத்து ரூபாய்ச் சாமான் ஐந்து வரும். அந்த விலைக்குப் பம்பரத்தின் ஆணி கழன்று விழும், ரப்பர் அழிக்காமல் தாளைக் கிழிக்கும். அதே 50 ரூபாயை ஒரே பொருளில் போட்டால் 12 கலர் கிரேயானோ, கோடு போடாத ஒரு நல்ல வரையும் நோட்டோ வாங்கலாம். அடுத்த வாரமும் குழந்தை அதை எடுக்கும்.

முதலில் தலைக்கணக்கு. 20 பேரைக் கூப்பிட்டிருந்தால் 24 வாங்குங்கள். கூப்பிட்ட குழந்தையோடு தம்பியோ தங்கையோ வருவது நம் ஊரில் இயல்பு, அந்தக் குழந்தை வெறுங்கையோடு நிற்கக் கூடாது. மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில்தான் விலை படியும், 24 அதற்கும் சரியாகப் பொருந்தும். செவ்வாய்ப்பேட்டை, பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைவீதிப் பக்கம் போகிறவர்கள் டஜனைப் பிரித்து நான்கைந்து பெட்டிகளையாவது திறந்து பாருங்கள். கிரேயான் உடைந்திருப்பதும் ஒரு கலர் குறைவதும் மேல் பெட்டியில் தெரியாது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நல்லது துணிப்பைதான். 40 இஞ்ச் அகலமுள்ள காடா துணி இரண்டு மீட்டர் எடுத்தால் 8-க்கு 10 இஞ்ச் அளவில் 12 பை வரும். ஒரு பைக்கு 9 இஞ்ச் அகலம், 22 இஞ்ச் நீளம் வெட்டுங்கள். இரு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்கு, வாய்ப்பக்கம் இரண்டிலும் ஒவ்வொரு இஞ்ச் மடிப்புக்கு. அகலவாக்கில் நான்கு, நீளவாக்கில் மூன்று வரிசை. பிடிக்குப் பருத்தி நாடா தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுவது கட்டாயம். காடா முதல் நனைப்பில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே பை கோணிக்கொள்ளும். தெருவில் இருக்கும் தையல்காரரிடமே கொடுக்கலாம், நேர்த்தையல்தான், ஆனால் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. அப்படியிருக்க, பரிசையே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விதைப் பொட்டலம் கொடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள், சந்தோஷம். ஒரு எச்சரிக்கை மட்டும். விதைக்கடையில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயம் ஏறிய விதை, பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்தது. குழந்தை கையில் அதைக் கொடுக்கவே கூடாது. சமையலறை வெந்தயமே போதும். இரண்டு ஸ்பூன் வெந்தயத்தைக் காகிதத்தில் மடித்து, 'ராத்திரி ஊறவை, காலையில் மண்ணில் தூவு' என்று எழுதிக் கொடுங்கள். மூன்று நான்கு நாளில் முளை தெரியும், குழந்தையின் பொறுமைக்கு அதுதான் அளவு.

பொம்மைதான் கொடுப்பேன் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் நுழையும் எந்தச் சிறு பாகமும் ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒளிரும் மோதிரம், லைட் எரியும் பம்பரம் இவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி மூடி என்றால் அந்தப் பொருளைத் தொடவே வேண்டாம். தண்ணீரில் ஊதிப் பெரிதாகும் ஜெல் மணிகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போனாலும் ஊதும்.

சாக்லேட் சேர்ப்பதாக இருந்தால் மாதத்தைப் பாருங்கள். ஏற்காட்டில் வாங்கும்போது கெட்டியாக இருப்பது 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வருவதற்குள் ஏப்ரல், மே வெயிலில் குழைந்துவிடும். கோடையில் கடலை மிட்டாய் தாங்கும், ஆனால் கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை உண்டா என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். எள்ளுருண்டைக்கும் அதே கேள்வி உண்டு.

ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். வயதுப்படி மட்டும் இரண்டு தாம்பாளமாகப் பிரித்து வாசல் பக்கம் வைத்து, கிளம்பும்போது பெரியவர் ஒருவர் கையால் கொடுக்கட்டும். கேக் வெட்டும்போதே கொடுத்தால் பாதி அங்கேயே பிரிந்து, யாருடையது எது என்று அழுகையில் முடியும்.