டர்போ இருக்கா, இல்லையா? இதைச் சொல்ல ஏன் இத்தனை ஒளிவுமறைவு?

"இந்த வண்டியில் டர்போ இருக்கிறதா?" டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ஒரு கருவி. இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். அந்த ஒரு பதில் சரியாகக் கிடைக்காததால் என் கார் இன்று ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார். வாங்கும்போதே விற்றவரிடம் கேட்டேன். அவர் வண்டிக்குப் பின்னால் போய் டிக்கியைப் பார்த்துவிட்டு, "டர்போன்னு எங்கயும் எழுதலையே, சாதா இன்ஜின்தாங்க" என்றார். நானும் பார்த்தேன். மாடல் பெயர், பக்கத்தில் நாலு ஆங்கில எழுத்து, வேறொன்றும் இல்லை. நம்பி வாங்கினேன். சாதா இன்ஜின்தானே என்ற நினைப்பில் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றினேன். மாற்ற வேண்டிய கெடு தாண்டியும் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து, நிறுத்திய கையோடு இன்ஜினை அணைத்தேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை. ஆயிலும் குறைந்துகொண்டே போனது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பின்பக்கம் கையை விட்டு ஒரு தகட்டை எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டர்போ ஷாஃப்ட் ஆடுது சார்" என்றார்.

"இதுல டர்போவே கிடையாதே?"

"யார் சார் சொன்னா?"

யார் சொன்னது என்று நான் யாரைக் காட்டுவது? அந்த நாலு எழுத்துக்குள் டர்போ ஒளிந்திருந்தது. அதைப் படிக்கத் தெரியாதது என் குற்றமாம்.

இந்த எழுத்து விளையாட்டுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. ஒரு கம்பெனி டிஎஸ்ஐ என்று போடுகிறது, இன்னொன்று எக்கோபூஸ்ட், இன்னொன்று பூஸ்டர்ஜெட். மூன்றும் டர்போதான். ஜிடிஐ என்று போட்டால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதற்கு முன்னால் இன்னொரு 'டி' ஒட்டிக்கொண்டு டி-ஜிடிஐ ஆனால்தான் டர்போ. சரி, 'டி' இருந்தால் டர்போ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா? அதற்கும் வழி இல்லை. ஆடி 2008-இல் கொண்டுவந்த 3.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜினில் 'டி' இருந்தது, டர்போ இல்லை. உள்ளே இருந்தது பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர். அது இன்ஜினின் சொந்த பலத்தில் சுழல்வது. டர்போ சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுழல்வது. இரண்டும் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கின்றன என்பது தவிர வேறு ஒற்றுமை இல்லை. இரண்டுக்கும் ஒரே எழுத்தா?

பெயரையே பார்த்துவிடலாம் என்றால் அதிலும் பித்தலாட்டம். போர்ஷே 911 கரேராவில் 2015 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு இரட்டை டர்போ வந்துவிட்டது. வண்டியின் முதுகில் கரேரா என்றுதான் இருக்கும், டர்போ என்று இருக்காது. அதே கம்பெனி 2019-இல் டைகான் டர்போ என்று ஒரு காரை இறக்கியது. அது முழுக்க பேட்டரியில் ஓடுகிற வண்டி. புகை இல்லை, சைலன்சர் இல்லை, இன்ஜினே இல்லை. அதற்கு டர்போ என்று பெயர் வைக்கிறார்கள்! டர்போ இருக்கிற வண்டியில் எழுத மாட்டார்கள், இருக்கவே முடியாத வண்டியில் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பிஎம்டபிள்யூ 330ஐ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது டர்போ இல்லாத மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர். பிறகு வந்த 330ஐ இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ. பெயர் அப்படியே இருக்கிறது, வண்டிக்குள் இருக்கும் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவன் பெயரைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான்?

இதே பிஎம்டபிள்யூ 1973-இல் 2002 டர்போவைக் கொண்டுவந்தபோது, முன்னால் போகிற வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுத்தைத் திருப்பிப் போட்டு முன் பம்பருக்குக் கீழே ஒட்டியது. அன்றைக்கு ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னதை, இன்றைக்கு வாங்குகிற ஒருவனிடம்கூடச் சொல்ல மறுக்கிறார்கள்.

அடுத்து, யோசனை சொல்கிறவர்கள். "விசில் சத்தம் வந்தா டர்போ சார்." இப்போது வருகிற சின்ன டர்போக்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஒன்றும் கேட்காது. பழைய வண்டியில் பெல்ட்டும் பேரிங்கும் தேய்ந்தாலே விசிலடிக்கும். "பானெட்ல காத்து போற ஓட்டை இருக்கா பாருங்க." பாதி வண்டிகளில் அந்த ஓட்டை வெறும் அலங்காரம், பின்பக்கம் அடைத்திருக்கும். "ரெண்டு சைலன்சர் இருக்கே." சைலன்சர் எண்ணிக்கைக்கும் டர்போவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகுது." எடை குறைந்த வண்டி எதுவும் பிச்சுக்கொண்டுதான் போகும். இந்தப் பேச்சையெல்லாம் நம்பி எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் எரிகிறது.

டீசல் காருக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கடந்த இருபது வருடங்களில் வந்த டீசல் கார் என்றால் டர்போ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம், இல்லாதவை மிகச் சில. பெட்ரோல் வண்டிக்காரர்கள்தான் மாட்டுகிறோம்.

பணம் போன பிறகு நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஷோரூமில் ஒரு நிமிடத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். ஹோண்டா எஸ்2000 காரின் இரண்டு லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமலே 240 குதிரைத்திறன் கொடுத்தது, இன்ஜினை நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு (ஆர்.பி.எம்.) மேல் சுழற்றி. அதன் டார்க்கைப் பாருங்கள், 208 நியூட்டன் மீட்டர்தான். லிட்டருக்கு 104. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் லிட்டருக்கு 100, மிஞ்சிப் போனால் 120 பக்கம்தான் தொடும். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு 170, 200 என்று போட்டிருந்தால், அதுவும் 1,500 அல்லது 2,000 ஆர்.பி.எம்.மிலேயே அது முழுசாகக் கிடைக்கிறது என்றால், காற்றை ஏதோ ஒன்று அழுத்தித் திணிக்கிறது. இந்த இரண்டு எண்ணும் வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதே கையேட்டில், ஓடிவந்து நின்றதும் உடனே அணைக்காமல் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிடச் சொல்லி ஒரு குறிப்பு இருந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம். ஆனால் பழைய வண்டி விற்பவர்களில் எத்தனை பேர் கையேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

கையேடு இல்லையென்றால் பானெட்டைத் திறங்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு இரும்பைத் தேடச் சொல்வார்கள். அது இன்ஜினுக்குப் பின்னால், வெப்பத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், என் வண்டியில் இருந்த மாதிரி. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால் காற்று போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு போங்கள். டர்போ இல்லாத வண்டியில் ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து கிளம்பும் குழாய் நேராக த்ராட்டிலுக்கு, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு, போய்விடும். டர்போ வண்டியில் அது முதலில் கீழே இறங்கி, புகை வெளியேறும் பக்கமாகப் போகும். அங்கிருந்து இன்னொரு தடித்த குழாய், இரு முனையிலும் பலமான கிளாம்ப் போட்டு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய் அதன் பிறகுதான் த்ராட்டிலுக்கு வரும். முன் கிரில் வழியாக இன்டர்கூலரைத் தேடுகிறவர்கள் ஏசி கண்டென்சரைப் பார்த்து ஏமாறுவார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சில வண்டிகளில் தண்ணீரில் குளிரும் இன்டர்கூலரை சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், முன்னால் ஒன்றும் இருக்காது. குழாய் மட்டும் பொய் சொல்லாது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி, மேனிஃபோல்ட் அழுத்தம் என்ற எண்ணைப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும், அது வெளிக்காற்றின் அழுத்தம். காலியான சாலையில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அந்த எண்ணைப் படிக்கட்டும். டர்போ இல்லாத வண்டியில் அது 100-ஐத் தாண்டாது. 150, 180 என்று ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

ஒரு 'ஆமாம், இல்லை'க்கு ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா?

"தெரியலைன்னா என்ன, வண்டி ஓடுதுல்ல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஓடாது, அதுதான் விஷயம். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். அதன் ஒரு முனையில் 900 டிகிரிக்கும் மேலான புகை மோதிக்கொண்டே இருக்கும். அந்த அச்சைத் தாங்குவது முடியளவுகூட இல்லாத ஆயில் படலம். ஆயில் பழசாகிவிட்டாலோ, சூட்டோடு அணைத்து ஆயில் ஓட்டம் நின்றுவிட்டாலோ, அது அங்கேயே கருகிக் கரியாகப் படியும். படிந்த கரி ஆயில் வரும் வழியை அடைக்கும். பிறகு அச்சு ஆடும், ஆயில் கசிந்து எரியும், நான் பார்த்த அந்த நீலப் புகை வரும். நேரடித் தெளிப்பு டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடும் என்பதற்காக, 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்று ஆயிலுக்கு ஒரு தரமே தனியாகக் கொண்டுவந்தார்கள். ஆயில் செய்கிறவர்களுக்கு இது இவ்வளவு முக்கியமாகத் தெரிகிறது. அந்த ஆயிலை ஊற்ற வேண்டியவனுக்கு மட்டும் தன் வண்டியில் டர்போ இருப்பதே தெரியாது!

வண்டியை விற்றவருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சத்தியமா எனக்கே தெரியாதுங்க. நான் வாங்கும்போதும் யாரும் சொல்லலை" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அவரும் என்னைப் போலவே அந்த ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறார். இரண்டு பேர் கைமாறியும் இரண்டு பேருக்கும் தெரியாமல் ஒரு இன்ஜின் செத்திருக்கிறது.

ஆயில் ஊற்றும் இடத்து மூடியை இன்று பார்த்தேன். மேலே 5டபிள்யூ-30 என்று ஆயில் ரகம் அச்சிட்டிருக்கிறது, ஆயில் கேன் படமும் இருக்கிறது. அதற்குக் கீழே விரலகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. 'டர்போ' என்ற சொல் அந்த இடத்தில் தாராளமாக அடங்கும்.