மலையாட்டை ஏன் இரண்டாம் பந்தியில் உட்கார வைக்கிறோம்?

வட அமெரிக்க மலை வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடினால், காட்டுச் செம்மறிக்குப் போய் வந்தவர் பேச்சைத்தான் எல்லோரும் வாய் மூடிக் கேட்பார்கள். பாறை விளிம்புகளில் வாழும் வெள்ளை மலையாட்டை (mountain goat) சுட்டவர் தன் கதையை ஆரம்பித்தால், "சரி, நல்லது. செம்மறிக்கு எப்போ போகப் போறீங்க?" என்று ஒரு கேள்வி வந்து விழும். செம்மறி கிடைக்கும்வரை கை பழகுவதற்குத்தான் மலையாடு என்பது போல. எனக்கு இந்த வரிசை ஒத்துவரவில்லை. இரண்டு வேட்டைக்கும் நண்பர்களோடு மூட்டை சுமந்து நடந்திருக்கிறேன், மலையாட்டுக்குத் துப்பாக்கியும் எடுத்திருக்கிறேன். கால் வலியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் விசையைத் தொடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதில் மலையாடுதான் ஆளை அதிகம் சோதிக்கும்.

வேட்டையே தப்பு என்று நினைப்பவர்களோடு இங்கே வாதாட வரவில்லை. அது வேறு பேச்சு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அனுமதி உள்ள இடத்தில், அனுமதி உள்ள பருவத்தில் போகிறவர்கள் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

செம்மறிக்கு இந்த மவுசு எப்படி வந்தது? வட அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கும் காட்டுச் செம்மறி நாலு வகை. அலாஸ்கா, யூகான் பக்கம் இருக்கும் வெள்ளை நிற டால். கனடாவில் வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாம்பல் நிற ஸ்டோன். ராக்கி மலைகளின் பிக்ஹார்ன். நெவாடா, அரிசோனா, மெக்ஸிகோ வறண்ட மலைகளின் பாலைவன பிக்ஹார்ன். நாலையும் சுட்டவருக்கு 'கிராண்ட் ஸ்லாம்' பட்டம். பட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் பின்னாலேயே பணமும் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளியூர்க்காரர் கைடு வைத்து ஸ்டோன் செம்மறிக்குப் போனால் செலவு 50,000 அமெரிக்க டாலரை எளிதாகத் தாண்டும். மலையாட்டுக்கு அதில் சிறு பங்குதான் ஆகும். 2013-ல் மொன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு பிக்ஹார்ன் அனுமதி ஏலத்தில் 4,80,000 டாலருக்குப் போனது. அனுமதிக்கான குலுக்கலில் விண்ணப்பம் போட்டுவிட்டு இருபது வருடம் காத்திருந்தும் பெயர் விழாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பணத்தை நான் கேலி செய்யவில்லை. ஏலத் தொகையில் பெரும்பகுதி செம்மறிகளின் பராமரிப்புக்கே திரும்பிப் போகிறது. ஓரிகன் மாநிலத்தில் பிக்ஹார்ன் அடியோடு அழிந்துபோயிருந்தது. 1954-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பிடித்துக்கொண்டு போய் ஹார்ட் மலையில் விட்டார்கள், அங்கிருந்துதான் மறுபடி பெருகியது. வளர்ப்பு ஆடுகளிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் நிமோனியா ஒரு மந்தையையே வழித்துப் போட்டுவிடும். அதை ஆராயவும், வளர்ப்பு மந்தையையும் காட்டு மந்தையையும் தள்ளிவைக்கவும் உழைப்பவர்களில் வேட்டைக்காரர்களின் அமைப்புகள் முன்வரிசையில் நிற்கின்றன. மலையாட்டுக்கு இந்த அளவுக்குக் கைகொடுக்க ஆளில்லை. ஏலத்தில் எகிறாத விலங்குக்கு ஆள் சேர்வது கஷ்டம்தான்.

சரி, மலைக்குப் போவோம். செம்மறி புல் மேயும் விலங்கு. திறந்த புல்சரிவுகளில் மேயும், ஆபத்து வந்தால் ஏறிக்கொள்ளப் பக்கத்திலேயே பாறை இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் தேவை. கண் அபாரக் கூர்மை. ஒரு மைலுக்கு அப்பால் வானத்தை ஒட்டி நீங்கள் எழுந்து நின்றால் போதும், கதை முடிந்தது. மந்தை மொத்தமும் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விடும், மறுநாள் எந்த மலையில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால் செம்மறி வேட்டை என்பது பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பதும் நடப்பதும்தான். பைனாகுலரை வைத்துக்கொண்டு மலைமலையாகத் துழாவுவது, காற்று திசை மாறினால் ஒரு முழு நாள் சுற்றி வேறு பக்கமாக ஏறுவது. அலாஸ்காவில் டால் பருவம் ஆகஸ்ட் 10-ல் திறந்து செப்டம்பர் 20-ல் முடியும். வறண்ட உள்நாட்டு மலைகள், நீண்ட பகல். மழையும் பனியும் வரும், ஆனாலும் அந்த நாட்களில் அந்த மலைகளில் இருப்பதே ஒரு சுகம். இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

மலையாடு வேறு ஜாதி. பெயரில்தான் ஆடு, வெள்ளாட்டின் நேரடி இனம் இல்லை. அதற்குப் பாறைதான் வீடு. குளம்பின் ஓரம் கெட்டியாக இருக்கும், நடுவில் ரப்பர் போன்ற மெத்தை. நமக்குக் கயிறு வேண்டியிருக்கிற இடத்தில் அது படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். நம்மைப் பார்த்துவிட்டால்கூடப் பல சமயம் ஓடாது. நிதானமாக நடந்து, நம்மால் போகவே முடியாத ஒரு விளிம்பில் போய் நின்றுகொள்ளும். இதைப் பார்த்துத்தான் 'மலையாடு மந்தம், சுடுவது சுலபம்' என்று சொல்கிறார்கள். நெருங்குவது சுலபம் என்று சொன்னால் ஓரளவு சரி. ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று அது கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும், நாம் சுற்றி மேலே ஏறி இறங்கினால் நெருங்கிவிடலாம். அந்த மேலே ஏறுவதுதான் விஷயமே. கடலோர மலைகளில் அடிவாரத்தில் ஆல்டர் புதரும், முள் நிறைந்த டெவில்ஸ் கிளப் செடியும் ஆளை விடாது. மேலே போனால் மூடுபனி, ஈரப் பாறை. தோல் நன்றாக இருக்க வேண்டும், ரோமம் நீளமாக இருக்க வேண்டும் என்று அக்டோபரில் போகிறவர்கள் இதோடு புதுப்பனியையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மலைகள் ஆடுகளையே சும்மா விடுவதில்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் 400-க்கு மேற்பட்ட மலையாடுகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இறந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பனிச்சரிவில் போனவை. பாறையிலேயே பிறந்து வளர்ந்ததற்கே அந்தக் கதி, நாம் எம்மாத்திரம்.

சுட்ட பிறகும் நிம்மதி கிடையாது. மலையாடு குண்டை வாங்கிக்கொண்டு நாலு அடி வைக்கும், அந்த நாலாவது அடி பெரும்பாலும் விளிம்பைத் தாண்டித்தான் இருக்கும். அப்புறம் முந்நூறு அடி கீழே கொம்பு உடைந்து, இறைச்சி நைந்து கிடக்கும். எடுக்கவே முடியாத இடத்தில் விழுந்தால் அந்த உயிர் வீண். அதனால் 'அடிக்க முடியுமா' என்று கேட்பதற்கு முன்னால் 'விழுந்தால் எங்கே விழும், அங்கே என்னால் போக முடியுமா' என்று கேட்க வேண்டும். செம்மறி வேட்டையிலும் இந்தக் கேள்வி உண்டு, ஆனால் எப்போதாவதுதான் வரும். மலையாட்டில் ஒவ்வொரு தடவையும் வரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். செம்மறியில் நாம் தேடுவது கிடா. அதன் கொம்பு சுருண்டு, கனத்து, தூரத்திலேயே தெரியும். பெட்டையின் கொம்பு சிறியது, முதிர்ந்த கிடாவோடு குழம்ப வாய்ப்பில்லை. அலாஸ்காவில் டால் கிடா சட்டப்படி சுடத்தக்கதாக இருக்க வேண்டுமானால் ஒரு கொம்பாவது முழுச் சுற்றாக இருக்க வேண்டும், இல்லை இரண்டு நுனியும் உடைந்திருக்க வேண்டும், இல்லை வயது எட்டாவது ஆகியிருக்க வேண்டும். கொம்பில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும், அதை எண்ணலாம். எண்ணுவது சுலபம் என்று சொல்லவில்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வெப்ப அலை ஆடும்போது ஏழா எட்டா என்று தலை சுற்றும். தப்பாக எண்ணிச் சுட்டால் கொம்பு பறிமுதல், அபராதம். ஆனாலும் விடை அந்தக் கொம்பிலேயே எழுதியிருக்கிறது.

மலையாட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. கிடாவுக்கும் கொம்பு, பெட்டைக்கும் கொம்பு. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், 20 முதல் 25 சென்டிமீட்டர். சில சமயம் பெட்டையின் கொம்புதான் நீளமாக இருக்கும், புதிதாகப் போகிறவர் அதைப் பார்த்துத்தான் மயங்குவார். கிடாவின் கொம்பு அடியில் தடித்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைந்து, அடியிலிருந்து நுனிவரை சீராக வளையும். பெட்டையின் கொம்பு ஒல்லி, நடுவில் இடம் அதிகம், நேராகப் போய் நுனிக்குப் பக்கத்தில் சட்டென்று பின்னால் மடங்கும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? அறுநூறு அடி தூரத்தில், பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருக்கும் ஒரு வெள்ளை உருவத்தில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். கடைசியில் பழைய ஆட்கள் சொல்லும் வழிதான் கைகொடுக்கும்: அது எழுந்து சிறுநீர் கழிக்கும்வரை காத்திரு. கிடா உடம்பை முன்னுக்கு நீட்டி நின்று கழிக்கும், பெட்டை பின்னங்காலை மடக்கிக் குந்தும். என் நண்பர் ஒருவர் மழையில் ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி மதியத்திலிருந்து சாயங்காலம்வரை கிடந்தார். ஆடு எழுந்தது, குந்தியது. அவர் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார். வீட்டில் கொம்பு மாட்டியவர்கள் கதையைவிட எனக்கு அந்தச் சாயங்காலம்தான் பெரிது.

ஏன் இவ்வளவு பாடு? மலையாட்டுப் பெட்டை பெரும்பாலும் நாலு ஐந்து வயதில்தான் முதல் குட்டி போடும், அதுவும் ஒரே குட்டி. நடுவில் சில வருடம் போடாமலும் விட்டுவிடும். சிறிய மந்தையில் முதிர்ந்த பெட்டைகள் இரண்டு மூன்று போனாலே அந்த மலை பல வருடம் எழுந்திருக்காது. கனடாவின் ஆல்பர்டாவில் மலையாடு குறைந்துகொண்டே போனதால் 1987-ல் வேட்டையையே மூடினார்கள். 2001-ல் மறுபடி திறந்தபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அனுமதி. அலாஸ்காவில் குட்டியோடு இருக்கும் பெட்டையைச் சுடுவது குற்றம். குட்டியில்லாத பெட்டையைச் சுட்டால் பல இடங்களில் சட்டம் தண்டிக்காது. அங்கே நம்மைத் தடுக்க நாம்தான் இருக்கிறோம்.

செம்மறி வேட்டையில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எடுப்பது கிடாக்களை மட்டும்தான், அதிலும் கொம்பு வேகமாக வளர்ந்தவற்றை. ஆல்பர்டாவின் ராம் மலையில் பல பத்தாண்டுகள் பிக்ஹார்னைக் கவனித்தவர்கள், பெரிய கொம்புக் கிடாக்களையே தொடர்ந்து எடுத்ததால் அங்கே கொம்பின் அளவே குறைந்துவந்தது என்று எழுதினார்கள். உணவும் நெரிசலும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எது எப்படியானாலும், அங்குலத்தை அளந்து மதிப்புப் போடும் பழக்கம் செம்மறியோடு பிறந்தது. மலையாட்டில் அந்தப் பழக்கத்துக்கே வேலையில்லை. கொம்பின் பெரும்பகுதி முதல் மூன்று வருடத்துக்குள் வளர்ந்துவிடும். நாலு வயதுக் கிடாவுக்கும் பத்து வயதுக் கிடாவுக்கும் கொம்பில் ஒரு அங்குலம்கூட வித்தியாசம் இல்லாமல் போகலாம். என்னைக் கேட்டால் மலையாட்டின் பெரிய வரமே இதுதான். பெருமையடிக்கச் சுவரில் எதுவும் பெரிதாக மிஞ்சாது என்று தெரிந்தே போகிறவர்தான் மறுபடியும் போகிறார்.

மலையாட்டுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். எல்லா இடத்திலும் அது பாதுகாக்கப்பட வேண்டிய பிராணியும் இல்லை. அலாஸ்காவின் கோடியாக் தீவில் 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்டது பெருகிப் பெருகித் தீவு முழுக்கப் பரவிவிட்டது, அதனால் சட்டமும் அங்கே தாராளம். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலும் அது வெளியிலிருந்து வந்ததுதான். மனிதச் சிறுநீரிலும் வியர்வையிலும் இருக்கும் உப்புக்காக நடைபாதைக்கே வந்து நிற்கும். 2010-ல் அங்கே ஒரு நடைப்பயணியை மலையாடு குத்திக் கொன்றது. 2018 முதல் ஹெலிகாப்டரில் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போய் காஸ்கேட் மலைகளில் விட்டார்கள். வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் கதை இன்னும் சிக்கல். அங்கே காலங்காலமாக இருக்கும் சின்ன பிக்ஹார்ன் மந்தைக்கு, வெளியிலிருந்து வந்த மலையாடுகள் நோயும் போட்டியும் கொண்டுவருகின்றன. 2020 பிப்ரவரியில் ஹெலிகாப்டரிலிருந்து சுட ஆரம்பித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை நடந்து போய்ச் சுட அனுப்பினார்கள். அங்கே நானும் செம்மறி பக்கம்தான்.

இறைச்சியில் போட்டியே இல்லை, செம்மறிதான். வயதான மலையாட்டுக் கிடாவை மெதுவாக, நீண்ட நேரம் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லுக்குத்தான் வேலை. ஆனால் அந்த ரோமம்! தென்கிழக்கு அலாஸ்காவின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் மலையாட்டு ரோமத்தையும் மஞ்சள் சீடர் மரப்பட்டையையும் சேர்த்து முறுக்கி நெய்யும் சில்கட் போர்வைகளைப் பார்த்தவர்கள், இந்த விலங்கை இரண்டாந்தரம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

எனக்கு உட்பெட்டியில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எதற்கு முதலில் போகட்டும்? செம்மறிக் குலுக்கலுக்கு வருடா வருடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள், விழும்போது விழட்டும். மலையாட்டுக்கு வாய்ப்புக் கிடைத்தால் 'பழகிக்கொள்ள' என்று மட்டும் போகாதீர்கள். அலாஸ்காவில் வெளிமாநிலத்தவர் இரண்டில் எதற்குப் போனாலும் கைடோ, அந்த மாநிலத்தில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும். அதனால் கிடா, பெட்டை பார்ப்பதைக் கைடு பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாமே என்று தோன்றும். இருக்காதீர்கள். அலாஸ்கா மீன், வன விலங்குத் துறை மலையாட்டுக் கிடாவையும் பெட்டையையும் படம் பார்த்துப் பிரித்துச் சொல்லும் ஒரு தேர்வை இணையத்தில் வைத்திருக்கிறது. கைடுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து அதை எழுதிப் பாருங்கள். சோபாவில் உட்கார்ந்து பார்த்தே தப்பு வந்தால், அந்த வருடம் மலைக்குப் போக வேண்டாம்.