பீரோவுக்குள் போன புத்தகம்

போன வாரம் அக்கா மகன் முகம் வாடி வந்தான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு. பாதி படித்திருந்த சிறுகதைத் தொகுப்பை டீச்சர் திரும்ப வாங்கிக்கொண்டாராம். "யாரோ ஒருத்தரோட அப்பா வந்து சத்தம் போட்டாங்களாம் மாமா. அதுல சாதியைப் பத்தி வருதாம்."

மறுநாள் போய்க் கேட்டேன். தலைமையாசிரியர் பூட்டி வைத்திருந்த பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினார். பின்னட்டையில் ஒட்டிய தாளில் ஏழு பேர் எடுத்த தேதி இருந்தது. அடுத்ததாக எடுக்க ஒரு பிள்ளை பென்சிலில் பேர் எழுதி வைத்திருந்தாள். "நீங்க படிச்சீங்களா சார்?" என்றேன். "எங்க சார் நேரம்? எதுக்கு வம்புன்னுதான்" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. நாளைக்கு நாலு பேர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருத்தர்தான்.

ஆனால் இது நம்ம மாவட்டம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு, சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது. கயிறு எப்படியோ பையன் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதைக் கழற்ற வைக்கும் கதையைத்தான் நாம் பூட்டி வைக்கிறோம்.

பெரிய இடத்திலும் இதேதான். 2020 நவம்பரில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூல் ஒன்றை முதுகலை ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்தது. 2017 முதல் பாடத்தில் இருந்த புத்தகம். ஏபிவிபி என்ற மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் போய்விட்டது. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியின் பாட்டுப் புத்தகங்களையே 1928இல் வெள்ளைக்கார அரசு பறிமுதல் செய்தது. அன்றைக்கு அதை எதிர்த்துப் பேச சட்டசபையில் சத்தியமூர்த்தி இருந்தார்.

எதை வேண்டுமானாலும் அடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்கு எது, பன்னிரண்டுக்கு எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். புகார் வந்தால் கேட்கவும் வேண்டும். சரி, எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கதை, எந்தப் பக்கம் என்று அவர் எழுதித் தரட்டும். தமிழாசிரியரும் இரண்டு பெற்றோரும் முழுசாகப் படித்துவிட்டு உட்கார்ந்து பேசட்டும். பேசி முடிக்கும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்க வேண்டும். பெரிய வகுப்புக்கு மாற்றலாம் என்று முடிவானால் மாற்றுங்கள், காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த அப்பாவுக்கு உரிமை உண்டு. என் அக்கா மகனுக்கும் சேர்த்துச் சொல்ல உரிமை கிடையாது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அக்கா இதைப் பேசப் போகிறாள். அவனுக்கு நான் ஒரு பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டேன், விட்ட பக்கத்திலிருந்து படிக்கிறான். பென்சிலில் பேர் எழுதிய பிள்ளை இன்னும் காத்திருக்கிறாள்.