அந்தப் பத்து லட்சம் யார் வீட்டில் இருக்கிறது?

பி.இ. படிப்பதைவிடப் பணத்தை வங்கி வைப்புநிதியில் (எஃப்.டி.) போடுவதே லாபம் என்று ஒரு அண்ணன் கணக்குப் போட்டு எழுதிய பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் போட்டது என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. பி.இ. படிக்கப் பத்து லட்சம் ஆகிறதாம். முடித்தால் மாதம் இருபதாயிரம் சம்பளமாம். பணத்தை எஃப்.டி.யில் போட்டுவிட்டுப் பையன் டெலிவரி வேலைக்குப் போனால் நாலு வருஷத்தில் இன்ஜினியரைத் தாண்டிவிடுவானாம். கீழே வழக்கம்போல "செம அண்ணா", "கண்ணைத் திறந்துட்டீங்க".

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பத்து லட்சம் யார் வீட்டில் இருக்கிறது அண்ணா?

எங்கள் வீட்டில் இல்லை. என் அப்பா விசைத்தறி ஓட்டியவர். படிக்கப் போகிறேன் என்றால் கடன் கொடுக்க வங்கியில் ஒரு திட்டம் இருக்கிறது. எஃப்.டி. போடப் போகிறேன், கடன் கொடுங்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள், செக்யூரிட்டியே சிரிப்பார். கையில் இல்லாத பணத்துக்கு வட்டி கணக்குப் போடுவது பணம் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

சரி, கணக்கையே எடுத்துக்கொள்வோம். கவுன்சிலிங்கில் சுயநிதிக் கல்லூரி கிடைத்தால், 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது வருஷத்துக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நாலு வருஷத்துக்கு இரண்டு, இரண்டேகால் லட்சம். பஸ், விடுதி, அந்த ஃபீஸ் இந்த ஃபீஸ் என்று சில கல்லூரிகள் கறப்பது தனி, மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால், 2021-லிருந்து கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்படியென்றால் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது? கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவிலிருந்து வந்தது. அதை எல்லோருடைய செலவாகவும் எழுதிவிட்டார்.

எஃப்.டி.யில் என்ன வரும்? 7 சதவீதம் என்றே வைத்தாலும் பத்து லட்சத்துக்கு வருஷம் 70,000. மாதம் ஆறாயிரம்கூடத் தேறாது. இதற்குத்தான் இத்தனை கைதட்டல்.

என் கல்விக்கடன் கதையைச் சொல்கிறேன். நான்கு லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு எந்தச் சொத்து அடமானமும் வேண்டாம் என்பது விதி. எங்கள் மேனேஜர் அப்பாவிடம் "எல்.ஐ.சி. பாண்டு இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை, அவருக்கு விதி தெரியாது. வீட்டுக்குப் போய் மஞ்சப்பையில் சுற்றி எடுத்துவந்தார். அதைப் புரட்டிக்கொண்டே மேனேஜர் கேட்டார்: "பொண்ணாச்சே, நாளைக்குக் கட்டிக் கொடுத்துட்டா கடனை யார் கட்டுவா?" நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா, "அவளே கட்டுவா சார்" என்றார். நான்தான் கட்டினேன், கடைசி இ.எம்.ஐ. வரைக்கும்.

"உன் ஒருத்தி கதையை வைத்து எல்லோருக்கும் பேசாதே" என்று ஒருவர் வருவார். அண்ணன் மட்டும் எத்தனை பேர் கதையை வைத்துப் பேசினார்?

"ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களின் வருஷச் சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறதே?" நிற்கிறதுதான். வீட்டு வாடகை மட்டும் நிற்கவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதைக் கம்பெனிகளிடம் காட்டுங்கள், படிக்கப் போகிற பிள்ளையிடம் ஏன் காட்டுகிறீர்கள்? அப்புறம், முதல் வருஷச் சம்பளத்தை வைத்து முப்பது வருஷத்தை அளக்கிறவரை என்ன சொல்வது? இருபத்திரண்டு வயதில் டெலிவரி பையன் நாலு காசு கூடப் பார்க்கலாம். நாற்பது வயதில், முதுகு வலியோடு, அதே ரேட்டுக்கு அதே வண்டி. உடனே "உழைப்பாளிகளை இழிவுபடுத்துகிறாள்" என்று ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். என் சொந்தத் தம்பி வண்டி ஓட்டுகிறான். அவனிடம் போய், உன் மகளைப் படிக்கவைக்காதே, லாபமில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

கல்லூரிகள் மோசம் என்கிறீர்களா? ஆமாம், பல மோசம்தான். ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்த்த அதிசயத்தை 2024-ல் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததே. அதனால்தான் சொல்கிறேன்: கல்லூரியைப் பார்த்துச் சேருங்கள், தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள், சீனியர்களைப் பிடித்து விசாரியுங்கள். கணக்கு வேண்டியது அங்கேதான். படிக்கவே வேண்டாம் என்பதற்கு இல்லை.

இன்னொன்று, எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அந்தக் கணக்கு முழுக்கப் 'பையன்', 'பையன்' என்றே போகிறது. பொண்ணு எங்கே? எங்கள் தெருவில் என்னோடு பிளஸ் டூ முடித்தவர்களில் காலேஜுக்குப் போகாதவர்களுக்கு யாரும் எஃப்.டி. போடவில்லை, டெலிவரி வண்டியும் வாங்கித் தரவில்லை. கல்யாணம் பண்ணி வைத்தார்கள். எனக்கு அந்த நாலு வருஷம் டிகிரிக்கு மட்டுமா? "படிக்கிறா, இப்ப வேணாம்" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்ததே, அதற்கு எந்த வங்கியில் எத்தனை சதவீதம்?

கடைசியாக ஒரு சந்தேகம். போன மாதம் இதே அண்ணன் தன் மகனைக் கல்லூரியில் சேர்த்த போட்டோ போட்டாரே, கம்ப்யூட்டர் சயின்ஸ், பெரிய கேட்டுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று? நானும் லைக் போட்டேன், பையன் நன்றாகப் படிக்கட்டும். எஃப்.டி. யோசனை அப்போது வரவில்லையா, இல்லை அது அடுத்தவர் பிள்ளைகளுக்கு மட்டுமா? இதை அவர் பதிவிலேயே கேட்டேன். பதில் வரவில்லை. கமெண்ட்டைத்தான் காணோம்.