மைக்கில் பெயர் கூப்பிட்டால் ஓடி வாருங்கள்

லீவுக்கு ஹட்டன் பக்கம் வந்தால் போதும், கடையிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் இதே கேள்விதான். "ஏன் புள்ள, ஒங்க பிளேன் ஒருநாளும் நேரத்துக்குப் போகாதா?" கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நாங்கள்தான் விமானத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு எல்லோருக்கும். அங்கே ஏச்சு, இங்கேயும் ஏச்சு. போதும்.

மழை, புயல், இயந்திரக் கோளாறு என்று விமானம் பிந்தினால் எனக்குக் கோபம் இல்லை. பழுது பார்க்காமல் பறக்கச் சொல்ல முடியுமா? என் கோபம் எல்லாம், பெட்டியைப் போட்டு போர்டிங் பாஸையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் டியூட்டி ஃப்ரீ கடையில் சென்ட் முகர்ந்துகொண்டு நிற்பவர்கள் மேல்தான். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். திரும்பவும் கூப்பிடுகிறோம். கடை கடையாக ஓடித் தேடுகிறோம். விமானத்தில் மற்றவர்கள் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"வராதவரை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்கள். ஆளை விடலாம், பெட்டியைக் கொண்டுபோக முடியாது. 1985 ஜூன் 23இல் எயார் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில், ஏறாத ஒருவனின் பெட்டி மட்டும் போனது. அதற்குள் இருந்த குண்டு வெடித்து, விமானத்தில் இருந்த 329 பேரும் செத்தார்கள். அதனால்தான் ஆள் ஏறாவிட்டால் பெட்டி இறங்கியே ஆக வேண்டும் என்பதில் இவ்வளவு கண்டிப்பு. அந்தப் பெட்டி மேலாக இருக்குமா? சின்ன விமானம் என்றால் லோடர் பையன்கள் நிமிரக்கூட முடியாத அந்த அறைக்குள் குனிந்து, ஒவ்வொரு டேக்காகப் பார்த்துத் தேட வேண்டும். பிறகு எடைக் கணக்கைத் திருத்த வேண்டும். அதற்குள் புறப்பட ஒதுக்கிய நேரம் போய்விடும். இன்னும் இழுத்தால் விமானிகளின் வேலை நேர வரம்பும் தாண்டிவிடும். பெட்டியை இறக்கி முடிக்கிற நேரத்தில் அந்த மனிதர் பையை ஆட்டிக்கொண்டு வருவார். "நான்தான் வந்துட்டேனே, ஏன் ஏத்த மாட்டீங்க?" என்று சத்தமும் போடுவார்.

தாமதத்துக்குக் காரணம் எழுத உலகம் முழுக்க விமானக் கம்பனிகளுக்கு எண்கள் இருக்கின்றன. செக்-இன் செய்த ஆள் காணாமல் போவது 15ஆம் எண்ணில் வருகிறது. அதற்கென்று ஒரு எண் ஒதுக்குகிற அளவுக்கு இது தினசரி நடக்கிற விஷயம்!

இதைவிடக் கூத்தும் நடந்திருக்கிறது. 2017இல் சீனாவின் ஷாங்காய் நகரில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர், பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று எஞ்சினுக்குள் சில்லறைக் காசை வீசினார். எல்லோரையும் இறக்கி எஞ்சினைச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2019இல் மான்செஸ்டரில் ஒரு பெண் கழிப்பறை என்று நினைத்து அவசரக் கதவைத் திறந்துவிட்டார், ஏழு மணி நேரம் போனது. 2018இல் இந்தோனேசியாவில் ஒரு விமானத்தில் இரண்டு டன் டூரியன் பழம் ஏற்றி, நாற்றம் தாங்காமல் பயணிகள் இறங்கிவிட்டார்கள். 2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து கொழும்புக்கு வந்த விமானத்தில் எலி ஒன்றைக் கண்டு, மூன்று நாள் நிறுத்தி வைத்துத் தேடினார்கள். நம் ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் அதிகம். பறக்கும்போது எலி வயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தாமதம் சரியான தாமதம். சென்ட் கடைத் தாமதம் அப்படியா?

அதற்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் வீட்டு வேலைக்கு வளைகுடா போகிற நம் பெண்கள். முதல் நாள் இரவே வேன் பிடித்து, கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்து, அவிசாவளை வழியாக வந்து, கேட் திறப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நிமிடம் பிந்தியிருக்க மாட்டார்கள். டுபாயில் இறங்கி அடுத்த விமானம் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அந்தப் பெரிய எயார்போர்ட்டில் யாரிடம், எந்த மொழியில் கேட்பது? முதல் தடவை வீட்டை விட்டுப் போகிற பிள்ளை அவள். "அக்கா, அடுத்த பிளேன் போயிருமா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்கும்போது, உள்ளே சாவகாசமாக நடந்து போகிற அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த மனிதர் பெட்டியை இறக்குவதற்குள் வந்து ஏறிக்கொண்டால் அவருக்குக் கிடைக்கிற தண்டனை என்ன? ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்காரருக்குக்கூட இவரால்தான் பிந்தியது என்று தெரியாது. ஏனென்றால் எங்களைச் சொல்ல வைப்பது "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்" என்று. இது தவிர்க்க முடியாததா? பத்து நிமிடம் முன்னால் கேட்டுக்கு வந்தால் தவிர்க்கலாம்! இந்த மழுப்பலால் விமானக் கம்பனிகளுக்கு வாக்குவாதம் மிச்சம், கேட்டில் நிற்கிற எங்களுக்கு ஏச்சுத்தான் மிச்சம்.

ஆளின் பெயரைச் சொல்ல வேண்டாம். "ஒரு பயணி நேரத்துக்கு வராததால் அவருடைய பெட்டியை இறக்குகிறோம்" என்று மைக்கில் சொல்ல எங்களை விடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறோம், விமானம் முழுக்கக் கேட்கட்டும்.