இரவு ஷிப்டில் நிரப்ப முடியாத படிவம் ஆய்வுக்கு ஆகாது

வசதி குறைந்த மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளுக்குக் கேள்வி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அங்கே தினமும் வார்டு பார்க்கும் மருத்துவரிடம் நோயாளிகளைச் சேர்த்துத் தரும் வேலை மட்டும் விடப்படுகிறது. இது மாற வேண்டும். கேள்வி வார்டிலிருந்தே கிளம்ப வேண்டும்.

ஏன் என்பதற்கு 2011-ல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு ஒன்றே போதும். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். இப்படி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவதுதான் சரி என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆனால் அப்படி ஏற்றிய குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகள் இதில் சேர்க்கப்படவில்லை, அதை மறந்து எல்லா நீரிழப்புக்கும் இந்த முடிவைப் பொருத்திவிடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பழகிய சிகிச்சையை அது இல்லாத இடத்தில் சோதித்துப் பார்த்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது.

கேள்வி கிடைத்த பிறகு பெரும்பாலான ஆய்வுகள் சரிவது நோயாளியின் விவரங்களைப் பதியும் படிவத்தில். நாற்பது நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் இரவுப் பணி மருத்துவரால் ஐந்து நிமிடத்தில் நிரப்ப முடியாத படிவம் காலியாகத்தான் திரும்பி வரும். 40 நாடுகளில் 20,211 விபத்து நோயாளிகளைச் சேர்த்த கிராஷ்-2 ஆய்வின் சேர்க்கை விதியைப் பாருங்கள்: மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, அல்லது நாடித்துடிப்பு 110-க்கு மேலே, அல்லது பெரிய ரத்தக்கசிவு வரும் என்ற சந்தேகம், காயம்பட்டு 8 மணி நேரத்துக்குள், ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவருக்கே தெளிவில்லாமல் இருக்க வேண்டும். ஸ்கேன் எதுவும் தேவையில்லை. அதனால்தான் சாதாரண மருத்துவமனைகளிலும் அது நடந்தது.

படிவத்தில் சின்ன விஷயங்கள்தான் கழுத்தை அறுக்கும். காலிக் கட்டம் என்றால் பரிசோதனை செய்யவில்லையா, செய்து எழுத மறந்தார்களா? இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை அளவை ஒரு ஆய்வகம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று தரும். இரண்டுக்கும் இடையே 18 மடங்கு வித்தியாசம். அலகு படிவத்திலேயே அச்சாகியிருக்கட்டும். முதல் பத்து நோயாளிகளின் படிவங்களை உட்கார்ந்து சரிபார்த்த பிறகே மேலே போக வேண்டும். முந்நூறு பேருக்குப் பிறகு கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்த வழியே இருக்காது.

சேர்க்காமல் விட்டவர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்தவர்கள் விடுபட்டால், நோய் முற்றி வந்தவர்களே விடுபட்டிருக்கலாம். பதிவேடு இல்லாமல் அது யாருக்கும் தெரியவராது.

மாதிரி அளவிலும் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. ஒரு நோய் எத்தனை சதவீதம் என்று 5 சதவீதம் கூடக்குறைய அறிய, 384 பேர் என்ற எண்ணை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கிராமம் கிராமமாகவோ மருத்துவமனை வாரியாகவோ ஆட்களைச் சேர்த்தால் அது போதாது, ஒரே இடத்து ஆட்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரையிலான எண்ணால் அளப்பார்கள்; அது 0.05, ஒரு இடத்தில் 21 பேர் என்றால் தேவை இரட்டிப்பாகி 768 ஆகும்.

ஒப்புதல் வாங்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் இடம். வைத்தியம் பார்க்கும் டாக்டர் கேட்டால் நோயாளி எப்படி மறுப்பார்? மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் இருக்கும். தன்னைச் சார்ந்திருக்கும் நோயாளியிடம் மருத்துவரே கேட்காமல், தகுதியுள்ள வேறொருவர் ஒப்புதல் பெற வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான உலக அறநெறி ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஆய்வுச் செவிலியர் ஒருவரின் சம்பளத்தை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். ஆள் இல்லை என்ற காரணத்தால் இந்த விதி மீறப்படுவதை ஏற்கவே முடியாது.

வெளிநாட்டுக் கூட்டாளியோடு பேச வேண்டியதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பேசுங்கள்: கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, மீதி ரத்த மாதிரி எங்கே போகும், எத்தனை வருடம் இருக்கும், வேறு ஆய்வுக்குக் கொடுக்க யார் அனுமதிக்க வேண்டும். முழுத் தரவின் பிரதி ஒன்று உங்கள் மருத்துவமனையிலும் இருக்கும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.